மஜ்லிஸ்ல (நம்ம மலேசிய ஊராட்சி மன்றத்துல) பழைய ஆளு பென்சன் போயிட்டா அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் எங்க போகுது?

செம்பனைக்காடு:
வணக்கம். எங்க தாமான் (குடியிருப்பு) ஒரு காலத்துல எஸ்டேட் லயம் (தொழிலாளர் வரிசை வீடு) இருந்த இடம். போன வருசக் கடைசி மழைக்கு கோயில் வாசல் வரைக்கும் தண்ணி. கம்ப்ளேன் பண்ணதும் மஜ்லிஸ்ல இருந்து ஒரு பையன் வந்தான், நல்ல பையன், பிளானை விரிச்சுப் பார்த்தான், அதுல ரோட்டோர லோங்காங் (வடிகால்) மட்டும்தான் இருக்கு. ஆனா ரோட்டுக்கு அடியில எஸ்டேட் காலத்து சிமெண்டுக் குழாய் ஒன்னு போகுது, அது அடைச்சா தண்ணி இந்தப் பக்கம் ஏறும்னு தெரிஞ்ச ஒரே மஜ்லிஸ் ஆளு 60 வயசாகி பென்சன்ல போயிட்டாரு. நாங்களே வீட்டுக்குப் போய் அவர கூட்டிட்டு வந்தோம். குச்சியால லாலான் புல்லை விலக்கி இங்க தோண்டுன்னாரு, தோண்டுனா குழாய் வாய், உள்ள முழுக்க சேறும் தென்னமட்டையும். அன்னிக்கு சாயங்காலமே வடிஞ்சிருச்சு. இத ஏன் யாரும் குறிச்சு வைக்கல? உங்க ஊர்ல எப்படி?

கிராணி மகன்:
நியாயமான கேள்வி தம்பி. கவுன்சிலர்கிட்ட கேக்கலாம்னா 1976 ஊராட்சி மன்றச் சட்டப்படி ஒரு தவணைக்கு 3 வருசத்துக்கு மேல கிடையாது, மாநில அரசு நியமிக்கிறவங்க, ஊராட்சி மன்றத் தேர்தல் 1965ல நிறுத்துனதோட சரி. அதனால ஊரு விவரம் தங்குறது ஆபீஸ் ஆளுங்ககிட்டதான், அவங்க போறப்ப கேக் வெட்டி போட்டோ எடுத்து அனுப்பிடறாங்க, மேசை டிராயர்ல இருந்த நோட்டு குப்பைக்குப் போகுது. எனக்கு வயிறு எரியுது.

மழைக்கோட்டு:
நான் வேற ஊரு மஜ்லிஸ்ல 11 வருசமா இருக்கேன். எழுதி வாங்குனா மட்டும் பத்தாதுங்க. எங்க டெக்னீசியன் அண்ணன் போறதுக்கு முன்னாடி ஆறு மாசம் அவர் மோட்டார் சைக்கிள் பின்னாடி உக்காந்து சுத்துனேன், எந்த மதகு எந்த மழைக்கு நிரம்பும், எந்த வீட்டுக்காரர் வேலிய லோங்காங் மேல கட்டிருக்காருன்னு எல்லாம் அப்படித்தான் தெரிஞ்சுது, நின்ன எடத்துலயே போன்ல லொக்கேஷன் போட்டு படம் எடுத்துக்குவேன். ஆபீஸ்ல உக்காந்து கேட்டா பாதி அவருக்கே ஞாபகம் வராது. தக்சிரான் (வீட்டு வரி) செக்ஷனும் இதே கதைதான், எஸ்டேட் நிலத்தப் பிரிச்சு வித்த லாட்டுக்கு பில் யார் பேருக்குப் போகணும்னு தெரிஞ்சவங்க இல்லாம வரி கட்ட கெடு முடியுற பிப்ரவரி, ஆகஸ்ட் கடைசியில கவுண்டர்ல சண்டை. வடிகால் கழுவுற ஆளுங்க வேற, காண்ட்ராக்ட் மாறுனா கூண்டோட மாறிடுறாங்க.

செம்பனைக்காடு:
நன்றி அண்ணே. சனிக்கிழமை காலையில அந்த பென்சன் அங்கிளோட மறுபடி நடக்கப் போறோம், அந்த மஜ்லிஸ் பையனும் வர்றேன்னுட்டான். குழாய் வாய்க்கு அடையாளம் போட சிவப்பு பெயிண்ட் வாங்கி வச்சிருக்கேன்.