பொங்கலுக்கு ஊருக்கு வராதீங்க தம்பி: சுரங்கப் பொறியியல் படிக்க ஆஸ்திரேலியா கிளம்புகிறவர்களுக்கு

காரைக்குடியிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்க ஊரான கல்கூர்லிக்குச் சுரங்கப் பொறியியல் படிக்கப் போகும் தம்பி, என்னென்ன தயார் செய்வது என்று கேட்டிருந்தார். நான் தேவகோட்டைக்காரன், அதே படிப்பு. அங்கே இருக்கும் சுரங்கவியல் பள்ளி (Western Australian School of Mines) 1902-இல் தொடங்கியது. இப்போது கர்டின் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது.

"கல் உடைக்கவா இவ்வளவு செலவு?" என்று வீட்டில் கேட்டிருப்பார்களே! பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன ஊரில் அப்படித்தான் கேட்பார்கள். விடுங்கள்.

முக்கியமான விஷயம் விடுமுறை வேலை. அங்கே கோடை டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. நம்மவர்கள் அப்போதுதான் பொங்கலுக்கு டிக்கெட் போடுகிறார்கள், சுரங்க நிறுவனங்கள் மாணவர்களைச் சம்பளத்தோடு எடுப்பதும் அப்போதுதான். மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். விடுமுறையில் அந்தக் கட்டு இல்லை. வேலை ஒன்றும் பிரமாதமாக இருக்காது. டம்பர் லாரி மண் ஏற்றிக் கொட்டித் திரும்ப எத்தனை நிமிடம் என்று வெயிலில் நின்று குறிப்பது, பாறை மாதிரியைப் பையில் போட்டு எண் எழுதுவது, இப்படித்தான். ஆனால் படிப்பு முடிந்து வேலை கேட்கும்போது மதிப்பெண்ணைவிட இதைத்தான் துருவுவார்கள். பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், நவம்பரில் தேடினால் ஒன்றும் மிஞ்சாது.

கியர் மாற்றி ஓட்டும் காருக்கான உரிமம் ஊரிலேயே எடுத்துவிடுங்கள். பல சுரங்கங்கள் கேட்கும்.

அப்புறம் கசகசா. ஆச்சி குருமாவுக்கு அரைத்துக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாகத்தானே பெர்த் போவீர்கள்? சிங்கப்பூரில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். சுரங்கத்திலோ ஷிஃப்டுக்கு முன் மது, போதைப் பரிசோதனை உண்டு. கசகசா சாப்பிட்டவருக்குச் சிறுநீரில் ஓபியம் வகை காட்டக்கூடும். முந்திரி அரைத்தே குருமா வைக்கலாம், ருசி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இருமல் மருந்து, வலி மாத்திரை சாப்பிட்டாலும் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மற்ற மசாலாப் பொடிகளைப் பெர்த்தில் இறங்கும்போது படிவத்தில் எழுதிக் காட்டுங்கள்; மறைத்தால் அபராதம்.

பெர்த்திலிருந்து கல்கூர்லி ஏறக்குறைய 600 கிலோமீட்டர், ரயிலில் ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஊரை ஒட்டியே சூப்பர் பிட் தங்கச் சுரங்கம், 600 மீட்டருக்கும் மேல் ஆழம். மேட்டிலிருந்து பார்த்தால் 200 டன்னுக்கு மேல் சுமக்கும் லாரி எறும்பு மாதிரி ஊரும்.

வெயில் நமக்குப் புதிதல்ல, 40 டிகிரி தாண்டினாலும் சமாளித்துவிடுவீர்கள். ஜூலை இரவுக் குளிர்தான் வாட்டும். நல்ல கம்பளிப் போர்வையை அங்கேயே வாங்குங்கள், பெட்டியில் அடைத்து எடையை வீணாக்க வேண்டாம்.