தூண்டில் முள் கையில் ஏறிவிட்டால் இழுக்காதீர்கள், தூண்டில் நரம்பை அறுங்கள்

(ஏரிக்கரை, பாம்பன் படகு, முகத்துவாரம் என்று இடத்தின் பெயரால் பேசும் மூன்று தூண்டில்காரர்களும் ஒரு அவசரப் பிரிவு செவிலியரும் மாறி மாறிச் சொல்வது.)

ஏரிக்கரை:

தூண்டில் முள் கையில் குத்துவது வீசும்போது நடப்பதைவிட மீனைக் கழற்றும்போதுதான் அதிகம். ஜிலேபியோ விராலோ ஒரு கையில் இருக்கும். நரம்பு, அதாவது தூண்டில் நூல், ராடு என்கிற தூண்டில் கம்பின் நுனிவரை விறைத்து நிற்கும். மீன் வாலால் ஒரு அடி அடித்ததும் முள் அதன் வாயிலிருந்து நழுவி, அந்த விறைப்பின் வேகத்திலேயே கட்டைவிரல் சதைக்குள் போய்விடும். ஆகவே மீனைத் தொடுவதற்கு முன் ரீலில் நரம்பைப் பிடித்து வைக்கும் கம்பியான பெயிலைத் திறந்து நரம்பைத் தளர விடுங்கள். பலர் இந்த ஒரு வேலையைச் செய்வதில்லை.

லூர் என்கிற செயற்கை இரை போடுகிறவர்களுக்கு ஆபத்து கூடுதல். வயிற்றில் ஒரு ட்ரெபிள் (மூன்று முனை முள்), வாலில் ஒரு ட்ரெபிள் என்றால் மொத்தம் ஆறு முனை. மீன் வாயில் மாட்டியிருப்பது ஒன்றோ இரண்டோதான், மற்றவை வெளியே ஆடிக்கொண்டிருக்கும். விரால் வழுக்கி உருளும்போது அந்த வெளிமுனை உள்ளங்கையில் ஏறும். இப்போது ஒரே லூரின் ஒரு பக்கம் மீன், மறுபக்கம் ஆள். மீன் துள்ளத் துள்ள முள் ஆழமாகும்.

அந்த நேரத்தில் எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் காயத்தின் அளவைத் தீர்மானிக்கும். மீனை அடக்குவது முதல் வேலை. தரையில் வைத்து ஈரத்துணியைத் தலைமேல் போட்டு அழுத்தினால் துள்ளல் குறையும். அடுத்து நரம்பை அறுக்க வேண்டும், ராடு கீழே விழுந்தாலும் முள்ளை இழுக்காது. பிறகு சைடு கட்டரால் மீனில் இருக்கும் ட்ரெபிளின் தண்டை வெட்டி, மீனையும் ஆளையும் பிரியுங்கள். ஒற்றைக் கையால் மீன் வாயைக் கழற்ற முயல வேண்டாம், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். மீன் பிழைக்குமா என்ற யோசனை அதற்குப் பிறகு.

கடைசியாக, கையில் இருக்கும் ட்ரெபிளை லூர் உடலிலிருந்து விடுவிக்க வேண்டும். ஸ்ப்ளிட் ரிங் பிளேயர் இருந்தால் வளையத்தைத் திறந்து கழற்றலாம். இல்லாவிட்டால் வளையத்தையே வெட்டிவிடலாம். லூர் தொங்கிக்கொண்டே இருந்தால் அதன் கனம் ஒவ்வொரு அசைவிலும் காயத்தைக் கிளறும். மற்ற இரண்டு முனைகளிலும் தக்கைத் துண்டைச் செருகி டேப் சுற்றுங்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியில் இன்னொரு விரலில் ஏறுவது இந்த இரண்டு முனைகளால்தான்.

அவசரப் பிரிவு செவிலியர்:

மேலே சொன்ன வரிசை சரியானது. எங்களிடம் வருபவர்களில் முள்ளால் வந்த காயத்தைவிட இழுத்ததால் வந்த காயம் பெரிதாக இருப்பவர்கள் உண்டு. முனைக்குச் சற்றுக் கீழே, முள்ளின் உள்பக்கமாக, பின்னோக்கிச் சீவி நிமிர்த்திய எதிர்முள் இருக்கிறது. அது தோலுக்கு அடியில் போய்விட்டால் வந்த வழியே சும்மா இழுக்கும்போது சதையைக் கோத்துக்கொண்டு கிழிக்கும்.

எதிர்முள் உள்ளே போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. பெட்டியில் இருக்கும் அதே எண் முள் ஒன்றை எடுத்துக் காயத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். வளைவில் எவ்வளவு வெளியே தெரிகிறது, எவ்வளவு மறைந்திருக்கிறது என்று ஒப்பிட்டால் புரிந்துவிடும். மருத்துவமனைக்கு வரும்போதும் அந்த மாதிரி முள்ளை எடுத்து வாருங்கள். உள்ளே இருப்பதன் வடிவம் தெரிந்தால் மருத்துவர் எந்த முறையில் எடுப்பது என்று உடனே முடிவு செய்வார்.

கரையில் யாரும் கை வைக்கக் கூடாத இடங்கள்: கண், இமை, கழுத்து, விரல் மூட்டுகளின் மேல், மணிக்கட்டின் உள்பக்கம், எலும்பைத் தொட்டு நிற்கும் முள். விரலை மடக்க முடியவில்லை, நுனி மரத்திருக்கிறது, இரத்தம் விட்டு விட்டுப் பீறிடுகிறது என்றால் தொடாமல் வர வேண்டும். முள் அசையாதபடி இருபுறமும் பஞ்சுச் சுருள் வைத்துக் கட்டினால் போதும்.

மருத்துவமனையில் லிக்னோகெய்ன் போட்டு மரத்துப்போக வைத்த பிறகு, முனையை முன்னோக்கியே தள்ளித் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, எதிர்முள்ளை வெட்டிவிட்டு, மீதியை வந்த வழியே உருவுவது ஒரு முறை. 18 கேஜ் ஊசியைக் காயத்தின் வழியாகவே செலுத்தி, அதன் குழல்வாயை எதிர்முள்மேல் தொப்பிபோல் மாட்டி இரண்டையும் சேர்த்து வெளியே எடுப்பது இன்னொன்று. இரண்டையும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். மரப்பு ஊசி இல்லாமல் முன்னோக்கித் தள்ளினால் வலி தாங்காமல் கை உதறும். அப்போது முனை வேறெங்கோ திரும்பும்.

சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள், என்ஜின் ஆயில் எதுவும் வேண்டாம். அவற்றைச் சுரண்டி எடுக்கவே தனி நேரம் ஆகிறது.

பாம்பன் படகு:

நூல் போட்டு உருவுற முறையையும் சொல்லிடுறேன், ஏன்னா கடல் நடுவுல ஆஸ்பத்திரி கிடையாது. 1961லயே ஆஸ்திரேலியா மருத்துவ இதழ்ல எழுதின முறைதான். தப்பாச் செய்யறவங்க எல்லாம் ஒரே தப்பைத்தான் செய்றாங்க, தண்டை அழுத்தாம வெறுமனே இழுக்கிறாங்க.

20 பவுண்டுக்கு மேல தாங்குற நரம்பு ஒரு முழத்துக்குக் குறையாம எடுத்து, முள்ளோட வளைவுக்கு நடுவுல மாட்டுங்க. ரெண்டு முனையையும் சேர்த்து ஒரு குச்சியில சுத்திப் பிடிங்க. வெறுங்கையில சுத்தினா நரம்பு அறுத்துடும். குத்துப்பட்ட கையைப் பலகை மேல ஆடாம வைக்கணும். இப்போ நரம்பு கட்டுற காது இருக்கு பாருங்க, அதை இன்னொரு விரலால தோலோட ஒட்ட அழுத்துங்க. எதிர்முள் உள்பக்கம் இருக்கிறதால, தண்டை அழுத்தினா அது சதையிலருந்து விடுபடும். அழுத்தத்தை விடாம, தண்டு கிடக்கிற திசைக்கு நேரா, தோலுக்கு இணையா ஒரே வெட்டா இழுக்கணும். மெதுவா இழுத்தா வேலைக்கு ஆகாது, கிழியும். முள் பறக்கும், அந்தத் திசையில ஆள் நிக்கக் கூடாது, இழுக்கிறவர் கண்ணாடி போட்டுக்கணும்.

ஒரு தடவைதான். வரலைன்னா அப்படியே கட்டிட்டுக் கரைக்கு வாங்க. காது மடல், உதடு மாதிரி அசையாமப் பிடிச்சு வைக்க முடியாத இடத்துல இது நடக்காது. நீள வடத்துல வரிசையா முள் தொங்குற ஆயிரங்கால் தூண்டில்ல போடுற பெரிய முள்ளுக்கும் இது கூடாது.

ஏரிக்கரை:

அண்ணன் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. மண்புழு கோர்க்கும் முள்களில் சிலவற்றுக்குத் தண்டின் வெளிப்புறத்திலும் இரண்டு மூன்று சிறு வெட்டு முள் இருக்கும், புழு நழுவாமல் இருப்பதற்காக. கடையில் பெயிட்ஹோல்டர் என்று கேட்டால் கொடுப்பது அதுதான். அந்தத் தண்டுவரை சதைக்குள் போயிருந்தால் நூல் முறை கூடவே கூடாது, வரும் வழியெல்லாம் அரிந்துகொண்டு வரும். அதைக் காதுப் பக்கம் வெட்டிவிட்டு முன்பக்கமாக எடுக்க வேண்டும், அது மருத்துவர் வேலை.

முகத்துவாரம்:

தூண்டில் முள் குத்தியதா, மீனின் முள் குத்தியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டிய இடமும் உண்டு. கெளுத்தியைக் கழற்றும்போது இரண்டும் சேர்ந்தே நடக்கும். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, இரு மார்புத் துடுப்பிலும் ஒவ்வொன்று என்று மூன்று முட்கள். அவற்றில் விஷம் இருப்பதால் தூண்டில் முள் குத்தியதைவிட வலி பல மடங்கு, மணிக்கட்டுவரை ஏறும். அந்த விஷம் சூட்டில் செயலிழக்கும். 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் கையை வைத்திருந்தால் வலி இறங்கும். சூட்டைக் குத்துப்படாத கையால்தான் சோதிக்க வேண்டும், வலியில் துடிக்கும் கைக்குச் சுடுவது தெரியாமல் வெந்துவிடும். முட்களுக்குப் பின்னால் துணியோடு பிடித்து, நீள மூக்குப் பிளேயரால் தூண்டிலைக் கழற்றினால் இரண்டிலிருந்தும் தப்பலாம்.

அடுத்தது பாறையில் மாட்டிய தூண்டில். இதில்தான் கண் போகிறது. நைலான் நரம்பு இழுக்க இழுக்க நீளும். முள் திடீரென்று விடுபட்டால் நீண்ட நரம்பு சுருங்கும் வேகத்தில் ஈயமும் முள்ளும் இழுத்தவர் முகத்துக்கே திரும்பி வரும். ராடை வளைத்து மேலே தூக்கி இழுப்பது அந்தப் பாதையைத் தலை உயரத்துக்குக் கொண்டுவருகிறது. ராடை மாட்டிய இடத்துக்கு நேராக நீட்டுங்கள், ரீலை விரலால் அடைத்துக்கொள்ளுங்கள், முகத்தைத் திருப்பிப் பின்னோக்கி நடங்கள். பின்னிய நரம்பான பிரெய்டு நீளாது, ஆனால் கையை அறுக்கும், அதை ஒரு கட்டையில் நாலு சுற்றுச் சுற்றித்தான் இழுக்க வேண்டும்.

கண்ணில் முள் பட்டுவிட்டால் எடுக்கவும் கூடாது, கழுவவும் கூடாது, அழுத்திக் கட்டவும் கூடாது. காகிதக் கோப்பையைக் கவிழ்த்துக் கண்ணைச் சுற்றிய எலும்பில் அது உட்காரும்படி டேப் ஒட்டி, கண் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் வழியில் டீ, தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்.

அவசரப் பிரிவு செவிலியர்:

கண் பற்றிச் சொன்னது மிகச் சரி. முள் வெளியே வந்த பிறகு செய்ய வேண்டியதையும் சேர்த்துக்கொள்கிறேன். பலர் முள் வந்ததும் வேலை முடிந்தது என்று மறுபடி தூண்டில் போடப் போய்விடுகிறார்கள். குழாய்த் தண்ணீரும் சோப்பும் போட்டு ஐந்து நிமிடமாவது ஓடவிட்டுக் கழுவுங்கள். ஏரித் தண்ணீரிலோ கடல் தண்ணீரிலோ கழுவ வேண்டாம். ஓட்டையைப் பசை வைத்து அடைக்காதீர்கள், உள்ளே இருப்பது வெளியேற வழி வேண்டும்.

ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி விஷயத்தில் குழப்பம் அதிகம். இந்தக் காயத்தில் சேறும் இரையும் மீன் சளியும் இருப்பதால் அழுக்குக் காயம் என்றே எடுத்துக்கொள்கிறோம். கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு தாண்டியிருந்தால் ஒன்று போட வேண்டும். சிறுவயதில் முழுத் தவணையும் போட்டோமா என்றே தெரியாதவர்களுக்குத் தடுப்பூசியோடு, தயார்நிலை எதிர்ப்பு மருந்தான இம்யூனோகுளோபுலினும் தேவைப்படலாம். மேலோட்டமான குத்துக்கு எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. மருந்துக் கடையில் கேட்டு நாலு மாத்திரை வாங்கிப் போடுவதால் பயன் இல்லை.

சர்க்கரை நோயாளிகளும் கல்லீரல் பாதித்தவர்களும் இதில் சேர மாட்டார்கள். கடலிலும் உப்பங்கழியிலும் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி அவர்களிடம் சில மணி நேரத்திலேயே கொப்புளமும் காய்ச்சலுமாக மாறி உயிருக்கு ஆபத்தாகும். ஏரி, ஆற்றுத் தண்ணீரில் ஏரோமோனாஸ் என்ற கிருமி இருக்கிறது. மறுநாளே வீங்கிச் சிவப்பு பரவினால் தள்ளிப் போடாதீர்கள். இன்னொன்று மெதுவாக வருவது: மைக்கோபாக்டீரியம் மரைனம். குத்து ஆறி, இரண்டு மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் வலியில்லாத சிறு கட்டி வரும், கையில் மேல்நோக்கி வரிசையாகவும் வரலாம். அப்போது எந்தத் தண்ணீரில் முள் குத்தியது என்று மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். அதைச் சொல்லாததால் மாதக்கணக்கில் வேறு மருந்து சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள்.

பாம்பன் படகு:

இதெல்லாம் வராம இருக்க ஒரே வேலை, எதிர்முள்ளை நசுக்கிடுறது. பிளேயர் வாயை முனை போற திசையிலேயே வச்சு அழுத்துங்க, குறுக்கால வச்சா முனையே முறிஞ்சிடும். நசுங்குச்சான்னு பார்க்க முள்ளைத் துணியில குத்தி வெளியே எடுங்க. நூலை இழுக்காம வந்தா சரி. மீன் தப்பிச்சிடும்னு பயப்படுறாங்க. நரம்பைத் தளரவிடாமச் சுத்தினா தப்பாது. பழகுற பசங்க கையில இப்படி நசுக்கின முள்ளைத்தான் கொடுக்கணும், இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அவங்க தூண்டிலைப் பின்னால வீசும்போது பக்கத்துல இருக்கிறவங்க காதுல மாட்டினாலும் வந்த வழியே வந்துடும்.

ஏரிக்கரை:

வீசும்போது எவ்வளவு தள்ளி நிற்பது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 8 அடி ராடு, நுனியில் தொங்கும் நரம்பு 2 அடி, கை நீளம் 2 அடி. ஆக 12 அடி வட்டத்துக்குள் யார் நின்றாலும் முள் எட்டும். 15 அடி இடைவெளி விடுங்கள்.

பையில் இருக்கும் சைடு கட்டரை வீட்டிலேயே உங்கள் பெட்டியின் மிகத் தடித்த முள்ளில் வைத்து வெட்டிப் பாருங்கள், துண்டு பறக்காமல் இருக்க மேலே துணி போட்டு. கடல் மீனுக்கான தடித்த ட்ரெபிள்களில் சாதாரண கட்டரின் வாய்தான் பல்லுப் பல்லாக உடைகிறது, அவற்றுக்குச் சிறிய போல்ட் கட்டர் தேவை. உப்புக்காற்றில் கட்டர் துருப்பிடித்து மூடிக்கொள்ளும், மாதம் ஒருமுறை எண்ணெய் விடுங்கள்.