சங்கீதம் 139:7–12, வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் பத்து நிமிஷத் தியானம்: எப்படிச் சொல்லலாம்?

தாராவி தங்கச்சி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி எங்க மும்பை சால்ல (ஒட்டு ஒட்டா ரூம் இருக்கிற குடியிருப்பு) ஜெபக்கூட்டம். தியானம் என் பொறுப்பு, பத்தே நிமிஷம். பன்னிரண்டு பேர் வருவாங்க. பாதிப்பேர் நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துப் பெரியவங்க. மீதி இங்கேயே வளர்ந்த பிள்ளைங்க, பைபிள் தமிழ் அவ்வளவா பிடிபடாது. ‘தேவன் எங்கும் இருக்கிறார்’னு சொல்லிட்டா ரெண்டு நிமிஷத்துல தீர்ந்துபோகுது. அதுக்கு மேல என்ன சொல்றது? இதே சங்கீதம் 19–22ல துன்மார்க்கரைப் பகைக்கிறேன்னு வர்றதைப் பத்தி யாராவது கேட்டா?

செம்பூர் வாசகர்:
ஸ்தோத்திரம் தங்கச்சி. ‘எங்கும் இருக்கிறார்’ என்று இந்தச் சங்கீதம் சொல்லவே இல்லை. ‘நீர் அங்கே இருக்கிறீர்’ என்றுதான் சொல்லுகிறது. அந்த ஆறு வசனத்திலும் ‘அவர்’ கிடையாது; முழுக்க ‘நீர்’, ‘உமது’, ‘உமக்கு’. நாம் ‘அவர்’ என்று பேச ஆரம்பித்த உடனே அது பாடமாகிவிடுகிறது. அங்கேதான் சப்பென்று போகிறது.

7-ஆம் வசனத்தில் ‘சமுகம்’ என்ற சொல்லில் நிதானமாக நில்லுங்கள். பிள்ளைகள் அதைச் ‘சமூகம்’ என்று வாசித்துவிடுவார்கள். ஜனங்களை விட்டு ஓடுவதாக அர்த்தம் மாறிவிடும். ராஜ சமுகம் என்கிறோமே, அந்தச் சமுகம்: முகத்துக்கு எதிரே நிற்பது. எபிரேயத்தில் அந்த இடத்தில் இருப்பதும் ‘முகம்’ என்ற சொல்தான். ஆக, கேள்வி ‘உம்முடைய முகத்தை விட்டு எங்கே ஓடுவேன்’ என்பது.

அடுத்தது 10-ஆம் வசனம். ஓடுகிறவனைக் கை எட்டிப் பிடிக்கப்போகிறது என்று நாம் எதிர்பார்க்கும்போது, ‘உமது கை என்னை நடத்தும்’ என்பது முதலில் வருகிறது. ‘பிடிக்கும்’ அதற்குப் பிறகுதான். 23-ஆம் சங்கீதத்தில் நீதியின் பாதைகளில் ‘நடத்துகிறார்’ என்று மேய்ப்பனைச் சொல்லும் அதே எபிரேய வினை இது. இந்தச் சங்கீதத்தின் கடைசி வரியிலும் அதே வினை வருகிறது. பத்து நிமிஷத்துக்கு இந்த இரண்டு சொல்லே தாராளம்.

கல்யாண் அண்ணன்:
திசையையும் காட்டுங்கம்மா. 8-ஆம் வசனம் மேலும் கீழும்: வானம், பாதாளம். 9 கிழக்கும் மேற்கும்: விடியற்காலத்துச் செட்டை என்றால் சூரியன் உதிக்கிற பக்கம், சமுத்திரத்தின் கடையாந்தரம் மேற்கு, ஏனென்றால் இஸ்ரவேலுக்குக் கடல் மேற்கில். தூத்துக்குடி, திருச்செந்தூர்க்காரர்களுக்குக் கடல் என்றாலே சூரியன் உதிக்கிற இடம், அதனால் இரண்டும் ஒரே திசையாகத் தோன்றிவிடும். தாதர் சௌபாட்டிக் கடற்கரையில் சாயங்காலம் நின்று பார்த்த பிள்ளைக்கு இது உடனே புரியும். இங்கேயும் சூரியன் கடலில்தான் இறங்குகிறது. இந்த ஒரு வசனத்தில் பிள்ளைகளே பெரியவர்களுக்கு விளக்கட்டும். செட்டை என்றால் சிறகு, கடையாந்தரம் என்றால் கடைக்கோடி என்பதை மட்டும் வாசிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

துணை வசனம் ஒன்று போதும்: யோனா 1:3. ‘கர்த்தருடைய சமுகத்தினின்று விலகி’ யோப்பாவில் கப்பல் ஏறியவன் போனதும் கடல் வழியாகத்தான். 2:2-இல் ‘பாதாளத்தின் வயிற்றிலிருந்து’ கூப்பிடுகிறான், கேட்கப்படுகிறான். 139-இன் 8, 9 இரண்டும் அவன் கதையில் இருக்கிறது.

சயான் அக்கா:
செம்பூர் வாசகர் சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். 7-ஆம் வசனத்தை ஆறுதலாக மட்டும் தொடங்காதீங்க. 5-இல் ‘நெருக்கி’ என்று வருவது, பட்டணத்தை முற்றுகை போடுவதற்கும் எபிரேயத்தில் சொல்லுகிற வார்த்தை. மூச்சுத் திணறுகிறவனும் இதே கேள்வியைக் கேட்கலாம். அதே சமயம் பிள்ளைகளிடம் ‘சிசிடிவி மாதிரி பார்த்துக்கிட்டே இருக்கார்’ என்று மட்டும் சொல்லவே கூடாது. பயந்து ஒளிகிற பிள்ளைதான் மிஞ்சும்.

துக்க வீட்டார் யாராவது வந்திருந்தால் 11, 12-ஐ மெதுவாகச் சொல்லுங்க. இருட்டு போய்விடும் என்று வசனம் வாக்குக் கொடுக்கவில்லை. ‘உமக்கு இருளும் வெளிச்சமும் சரி’ என்பதுதான் வரி. நமக்கு இன்னும் இருட்டாக இருக்கலாம், அவருக்கு நம்மைத் தெரிகிறது. அவசரப்பட்டு ‘விடிந்துவிடும்’ என்று முடித்தால் கண்ணீரோடு இருக்கிறவர்கள் தனியாக விடப்படுவார்கள்.

நேரம்: ஒருவரே இரண்டு தரம் வாசிக்க இரண்டு நிமிஷம், பேச ஐந்து, மௌனம் இரண்டு, ஜெபம் ஒன்று. ஆளுக்கொரு வசனமாகச் சுற்றவிட்டால் இந்தப் பகுதி உடைந்துபோகும். 9-ஆம் வசனம் முடியாமல் 10-க்குள் போகிறது. சால்ல மௌனம் எங்கே கிடைக்கும் என்று யோசிக்க வேண்டாம். பக்கத்து ரூம் டிவி ஓடட்டும். 8, 10-இல் வரும் ‘அங்கேயும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்க.

19–22-ஐக் கேட்டால் மழுப்ப வேண்டாம். பகையைச் சங்கீதக்காரன் தேவனிடத்திலேயே கொட்டிவிட்டு, அடுத்த மூச்சில் 23-இல் ‘என்னை ஆராய்ந்து’ என்கிறான். 1-ஆம் வசனத்தில் ‘ஆராய்ந்து, அறிந்திருக்கிறீர்’ என்று சொல்லியாயிற்று. தெரிந்தே மறுபடியும் கேட்கிறான், தன் பகையும் சோதிக்கப்படட்டும் என்று.

தாராவி தங்கச்சி:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. வசனத்தை முன்னாடியே வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடவா?

செம்பூர் வாசகர்:
போடுங்க. அனுப்புகிறதுக்கு முன்னால் 7-ஆம் வசனத்தை ஒருமுறை பாருங்கள், போன் தானாகவே ‘சமூகம்’ என்று மாற்றிவிடும்.