கியர் ஆயில் பால் நிறம்: ஸ்டெர்ன் டிரைவைச் சரிசெய்வதா, மாற்றுவதா?

கேள்வி: 1989 படகு, 4.3 லிட்டர் வி6. ஸ்டெர்ன் டிரைவின் (படகின் பின்புறம் வெளியே இருந்து புரொப்பெல்லரைச் சுழற்றும் கியர் அமைப்பு) கியர் ஆயில் பால் காப்பி நிறத்தில் வடிகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் உறுமல். மொத்த டிரைவையும் மாற்றிவிடலாமா?

பதில் 1: அவசரம் வேண்டாம். பால் நிறம் என்றால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது; எங்கே கசிகிறது என்று பாருங்கள். ஆயிலை வடித்துவிட்டு டிரைவுக்குள் 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றேற்றி, வெளியே சோப்பு நீர் தெளியுங்கள். குமிழி பெரும்பாலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சீலில்தான் (கசிவைத் தடுக்கும் வளையம்) வரும். அங்கே சுற்றிய தூண்டில் நரம்பு சீலை அறுத்திருக்கும். வடிகால் திருகின் காந்தத்தில் மை போன்ற பசை என்றால் சாதாரணத் தேய்மானம். சில்லுகள் ஒட்டியிருந்தால் கியர் போய்விட்டது, சீல் செலவு வீண்.

பதில் 2: உறுமல் கிம்பல் பேரிங்கிலிருந்து (எஞ்சினிலிருந்து டிரைவுக்குப் போகும் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்). அந்த ஷாஃப்டை மூடும் ரப்பர் உறையான பெல்லோஸ் கிழிந்து, பேரிங்கில் தண்ணீர் புகுந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். டிரைவை ஏற்றுமுன் அலைன்மென்ட் பார் (எஞ்சினும் டிரைவும் ஒரே நேர்கோட்டில் உள்ளதா என்று பார்க்கும் கம்பி) கட்டாயம்.

பதில் 3: முதலில் எஞ்சின் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பாருங்கள். அது சரியில்லாமல் புது டிரைவ் எதற்கு? பழைய டிரைவ் வாங்கினால் கியர் விகிதம் (புரொப்பெல்லர் ஒரு முறை சுற்ற எஞ்சின் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) பொருந்த வேண்டும். நாலு சிலிண்டர் படகினுடையதை மாட்டினால் அதே புரொப்பெல்லரில் எஞ்சின் ஆர்பிஎம் (நிமிடத்துக்கான சுற்றுகள்) எகிறும்.