டெக்சாஸ் கவுண்டியில் 90களின் செப்டிக் டேங்க் பெர்மிட் எங்கே கிடைக்கும்?

மத்திய டெக்சாஸில், நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது வீடு. 1996இல் கட்டியது, நாங்கள் வாங்கியது போன வருடம். கொல்லையில் ஷெட் போட வேண்டும். செப்டிக் டேங்கும் அதன் குழாய்களும் மண்ணுக்குள் எங்கே போகின்றன என்ற வரைபடம் இல்லாமல் தோண்ட மாட்டேன் என்கிறார் காண்ட்ராக்டர். நியாயம்தான்.

கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம்) கிளார்க், அதாவது ஆவணப் பதிவு அலுவலர், இணையதளத்தில் பத்திரமும் மனைப்பிரிவு வரைபடமும்தான் கிடைத்தன. சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தில் வீட்டின் மதிப்பு, பரப்பளவு, அவ்வளவுதான். மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையமோ உள்ளூர் அனுமதி அலுவலகத்தைக் கேட்கச் சொல்கிறது. சரி என்று டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டப்படி பழைய செப்டிக் பெர்மிட்டையும் அதோடு இருக்கக்கூடிய வரைபடத்தையும் கேட்டு கவுண்டிக்கு மின்னஞ்சலில் விண்ணப்பித்தேன். முகவரி, சொத்து எண், கட்டிய வருடம் எல்லாம் கொடுத்தேன். பதிலே இல்லை. ஆவணத்தைத் தர மறுப்பதென்றால் கவுண்டி 10 வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் (தலைமைச் சட்ட அதிகாரி) முடிவு கேட்டுப் போக வேண்டுமே என்று நினைவூட்டிய அப்புறம்தான் ஒரு வரி வந்தது: “ஆவணம் இல்லை”. எந்தக் கோப்பில், யார் பெயரில் தேடினார்கள் என்று ஒரு சொல் இல்லை. அந்தக் காலத்து பெர்மிட் வீட்டைக் கட்டிய பில்டர் பெயரிலோ மனை எண்ணிலோ இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

டெக்சாஸில் இப்படிப் பழைய செப்டிக் பெர்மிட்டை வாங்கியவர்கள், எந்தத் துறைக்கு, என்ன விவரம் கொடுத்து விண்ணப்பித்தீர்கள்?