ஜெல்லா, இழுதா, நுங்கா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்கள் மறுசீரமைப்புக்கு முன் படிக்க வேண்டிய கையேட்டைத் திங்களன்று தமிழில் தர வேண்டும். மார்பினுள் வைக்கும் பை போன்ற பொருளைப் (implant) ‘பதியம்’ என்பதா, ‘உள்வைப்பு’ என்பதா? உப்புநீர் வகை, சிலிக்கோன் ஜெல் வகை இரண்டுக்குமே மேலுறை சிலிக்கோன்தான் என்பதால், ஒன்றை மட்டும் ‘சிலிக்கோன் வகை’ என்று சுருக்கினால் மற்றதில் சிலிக்கோனே இல்லை என்று படிப்பவர் எண்ணிவிடுவார். வெட்டினாலும் வடிவம் குலையாத கெட்டி ஜெல்லுக்கும் ஒரு பெயர் தேவை.

புலவர்:
பதியம் போட்ட கிளை வேர்விடும். எலும்போடு பிணையும் செயற்கைப் பல்வேருக்கு அச்சொல் தகும். இதையோ உடல் தழும்புத் திசுவால் சுற்றிலும் வேலி கட்டி ஒதுக்கிவைக்கிறது. ஆகவே ‘உள்வைப்பு’ என்பதே சரி. ஜெல்லுக்கு, வெண்ணெய் என்று பொருள்படும் ‘இழுது’ இருக்கிறது. சங்கப் பாட்டில் வெண்ணிறக் கொழுப்புக்கு உவமையாக வந்த சொல் அது. இழு, இழை, இழுது மூன்றும் ஒரே வேரின என்று பதினொரு பக்கம் எழுதியிருக்கிறேன், வேண்டுவோர் கேட்கலாம்.

மருத்துவர்:
ஐயா, ‘இழுது’ என்றால் என்னிடம் வருவோர் ‘எதை இழுக்க வேண்டும்?’ என்பார்கள். அவர்களுக்கு விளங்க வேண்டியது வேறு. உப்புநீர் வகை கிழிந்தால் நீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும். மார்பு சுருங்குவதிலேயே தெரிந்துவிடும். ஜெல் வகை கிழிந்தும் வெளியே தெரியாமல் இருக்கக்கூடும் என்பதால்தான், வைத்த 5 அல்லது 6 ஆண்டுகளில் ஒரு முறையும் அதன்பின் 2, 3 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் எடுக்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் பரிந்துரைத்தது. வெளியே தெரியாத இந்தக் கிழிசலை ‘மறைகிழிவு’ எனலாம். கெட்டி வகையை ‘நுங்கு ஜெல்’ என்றால் கிராமத்துப் பெண்ணுக்கும் புரியும்.

தமிழாசிரியர்:
இளநுங்கில் விரலை விட்டால் நீர் முகத்தில் பீச்சும். அது உப்புநீர் வகைக்கல்லவா பொருந்தும்? கெட்டியாக இருப்பது கடுக்காய் நுங்கு; அதைக் கையேட்டில் எழுதினால் கடுக்காய் வைத்தியம் என்று நினைப்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
உள்வைப்பு, மறைகிழிவு, ‘உப்புநீர் நிரப்பியது’, ‘ஜெல் நிரப்பியது’, ‘கெட்டி ஜெல்’ என்று முடித்து அனுப்புகிறேன். ‘இழுது’ அடிக்குறிப்பில் இருக்கும்.

புலவர்:
அடிக்குறிப்பில் கிடக்க அது ஒன்றும் புதுச்சொல் அன்று. ‘முலை’ இருக்க ‘மார்பகம்’ எதற்கு என்பதை நாளை எழுதுகிறேன்.