சித்தப்பா இறக்கிய ஆறு: நான் ஏஸைப் போட்டது தவறா?

கிழக்கில்_நான்:
ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ் ஆட்டத்தில் நடந்தது. தெற்கு 1 நோ டிரம்ப் (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1 என்ற கணக்கில் கையில் 15 முதல் 17 புள்ளி) என்று ஏலத்தைத் தொடங்கினார். அவருடைய கூட்டாளி வடக்கு நேராக 3 நோ டிரம்ப் போனார், அதாவது துருப்பு இல்லாமல் பதின்மூன்றில் ஒன்பது பிடி எடுக்க வேண்டும். எங்கள் பக்கம் யாரும் வாய் திறக்கவில்லை. மேற்கில் இருந்த என் கூட்டாளி சித்தப்பா முதல் சீட்டாக இஸ்பேட் 6 இறக்கினார். டம்மியில், அதாவது மேசையில் விரித்து வைத்த வடக்கின் கையில், இஸ்பேட் ராணி, 7, 3. மொத்தம் 10 புள்ளி. என்னிடம் இஸ்பேட் ஏஸ், 10, 8. கை முழுவதும் 9 புள்ளி.

டம்மியிலிருந்து 3 விழுந்தது. மூன்றாம் கை பெரிய சீட்டைப் போட வேண்டும் என்றுதானே எல்லோருக்கும் சொல்லித் தருகிறார்கள்? ஏஸைப் போட்டுப் பிடித்தேன். அடுத்து 10ஐத் திருப்பினேன். அதை டம்மியின் ராணி விழுங்கியது. பிறகு தெற்கு நிற்காமல் ஓடி ஒன்பது பிடியை முடித்துவிட்டார். சித்தப்பா திட்டவில்லை. "அந்த ஆறு அவ்வளவு பேசியதே, உனக்குக் கேட்கவில்லையா?" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை. நான் செய்தது தவறா?

பதினொன்று:
தவறு. நோ டிரம்பில் நீளமான இனத்திலிருந்து மேலிருந்து நான்காவது சீட்டை இறக்குவது வழக்கம். அப்படியானால் இறக்கிய எண்ணைப் பதினொன்றிலிருந்து கழியுங்கள். 11 - 6 = 5. ஆறுக்கு மேற்பட்ட சீட்டுகளில் ஐந்து, சித்தப்பாவைத் தவிர்த்த மற்ற மூன்று கைகளிலும் சேர்த்து இருக்கின்றன. டம்மியில் ராணி, 7. உங்களிடம் ஏஸ், 10, 8. ஐந்தும் வந்துவிட்டன. தெற்கிடம் ஆறைத் தாண்டும் இஸ்பேட் ஒன்றுகூட இல்லை!

ஆகவே 8 போட்டாலே பிடி உங்களுடையது. டம்மியின் ராணி உங்கள் ஏஸுக்கும் சித்தப்பாவின் ராஜாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அடுத்து ஏஸ், அதற்கடுத்து 10. அந்த 10ஐச் சித்தப்பா ராஜாவால் அமுக்கினால் ராணி அதனடியில் விழும். அவரிடம் ஐந்து இஸ்பேட் இருந்தால் மிச்சம் இரண்டும் அவருடையவை. இஸ்பேடிலேயே ஐந்து பிடி, ஆட்டம் கவிழ்ந்தது.

அவரிடம் ராஜா இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஆறுக்கு மேலே கண்ணில் படாதவை ராஜா, ஜாக், 9 என்ற மூன்றுதான். ஆறு நான்காவது சீட்டு என்றால் அந்த மூன்றும் அவரிடம் இருந்தே தீர வேண்டும். புள்ளியும் ஒத்துப்போகிறது: நாற்பதில் உங்களுடையது 9, டம்மி 10, தெற்கு 15 முதல் 17. சித்தப்பாவுக்கு மிஞ்சுவது 4 முதல் 6. ராஜாவும் ஜாக்கும் சேர்ந்து நான்கு. பிரிட்ஜுக்கு முன்னோடியான விஸ்ட் ஆடிய காலத்திலேயே ஃபாஸ்டர் என்பவர் எழுதிவைத்த கணக்கு இது.

பழைய_கட்டு:
கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது முழுவதும் "அப்படியானால்" என்ற ஒரு சொல்லில் தொங்குகிறது. சித்தப்பா நான்காவது சீட்டைத்தான் இறக்கினார் என்று யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்? எதிரில் உட்கார்ந்திருப்பவர் புத்தகம் அல்ல, மனிதர். யாரோடு ஆடுகிறோம் என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கிய பிரணாப் பர்தனுக்கு அப்போது 60 வயது, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. பல ஆண்டுகள் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். அவர்கள் ஒரு ஆறைப் பார்த்து ராஜாவைக் கண்டுபிடிக்கலாம். ஞாயிறு மாலை ஆட்டக்காரர்களுக்கு எதற்கு அந்த வீம்பு?

கிழக்கில்_நான்:
பழைய_கட்டு ஐயா, என் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டீர்கள். மூன்று வாரத்துக்கு முன்பும் சித்தப்பா ஓர் ஆறு இறக்கினார். அன்று நான் நம்பினேன். ஏஸை வைத்துக்கொண்டு 8 போட்டேன். தெற்கு 9இல் பிடித்து, மற்ற இனங்களில் எட்டையும் உருவிக்கொண்டு போய்விட்டார். பார்த்தால் சித்தப்பாவிடம் இஸ்பேடே 6, 4 என்று இரண்டு சீட்டுதான்! நான் ஏஸை எடுத்து ஆர்ட்டினுக்கு மாறியிருந்தால் அதில் நான்கு பிடி காத்திருந்தது.

பதினொன்று:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அன்று தவறு அவருடையது. ஆனால் இந்த ஞாயிறு நீங்கள் ஆடியது அன்றைய ஆட்டத்தை. ஒரு முறை பொய்த்தது என்பதற்காக எல்லா ஆறையும் சந்தேகித்தால், நாளை அவர் சரியாக இறக்கும்போதும் உங்களுக்கு அது வெறும் காகிதம்தான். ஏஸைப் போடுவது பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். அவர் சொன்னது உண்மையாக இருந்தால் அதைவிட ஆபத்தான சீட்டு உங்கள் கையில் இல்லை.

பழைய_கட்டு:
சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். பூனைமேல் என்ன குற்றம்?

முகம்_பார்ப்பவன்:
இவ்வளவு கணக்கு எதற்கு? சித்தப்பா ஆறை எப்படி இறக்கினார் என்று பார்த்திருக்கலாமே. ராஜாவும் ஜாக்கும் வைத்திருப்பவர் பட்டென்று போடுவார். இரண்டு சீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு போடுவார். என் கூட்டாளியின் விரலைப் பார்த்தே பாதி கையைச் சொல்லிவிடுவேன்.

பதினொன்று:
அதைப் பொதுவெளியில் சொல்லாதீர்கள். கூட்டாளியின் தயக்கம், வேகம், முகச்சுளிப்பு எதிலிருந்தும் ஒன்றையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விதி 16 இருக்கிறது. எதிராளியின் தயக்கத்திலிருந்து ஊகிக்கலாம், தவறினால் நஷ்டம் உங்களுக்கு. விரல் என்றதும் 1965 நினைவுக்கு வருகிறது. புவெனஸ் அயர்ஸ் உலகப் போட்டியில் ரீஸ், ஷாபிரோ என்ற பிரிட்டிஷ் ஜோடி விரல்களால் சைகை செய்தார்கள் என்று குற்றச்சாட்டு. உலக அமைப்பு குற்றவாளிகள் என்றது, பிரிட்டனில் நடந்த விசாரணை இல்லை என்றது. சண்டை இன்றுவரை ஓயவில்லை. 1975இல் பெர்முடா கோப்பை என்ற அதே உலகப் போட்டியில், கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்க்காதபடி மேசைக்குக் குறுக்கே திரையே கட்டிவிட்டார்கள்.

நான்காவது சீட்டு வழக்கத்தில் ஒளிவுமறைவே கிடையாது. தெற்கு கேட்டால் சொல்லியாக வேண்டும். அவரும் பதினொன்றிலிருந்து கழிக்கலாம்.

யாழ்_304:
குறுக்கிடுகிறேன். 304 என்ற சீட்டாட்டத்தில் துருப்பையே கவிழ்த்து வைத்துவிட்டு ஆடி வளர்ந்தவன் நான். அங்கே கூட்டாளியை நம்பித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. பிறகு வீடு போகும் வழியெல்லாம் ஏச்சு. பிரிட்ஜ்காரர்கள் ஏசுவதைக்கூட எண்ணிக் கழித்துத்தான் ஏசுகிறீர்கள்.

மேற்கு_இருக்கை:
இங்கே பேசப்படும் சித்தப்பா நான்தான். ஊரையெல்லாம் கேட்டுவிட்டு என்னை மட்டும் கேட்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் 6, 4இலிருந்து இறக்கியது உண்மை. உன் கையில் இஸ்பேட் நீளமாக இருக்கும் என்று குருட்டு நம்பிக்கை. அன்று வீட்டுக்கு வந்த பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். நீ கவனிக்கவில்லை என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

கிழக்கில்_நான்:
கவனித்தேன் சித்தப்பா. நீங்களாகச் சொல்வீர்கள் என்று பார்த்தேன்.

மேற்கு_இருக்கை:
சரி. நோ டிரம்பில் இனி நான்காவது சீட்டு மட்டும். இரண்டு சீட்டு இனத்தைத் தொட வேண்டி வந்தால் பெரியதை இறக்குவேன்.

கிழக்கில்_நான்:
6, 4இல் பெரியது ஆறுதானே?

பழைய_கட்டு:
பதினொன்று ஐயா, இதற்குப் பதில் சொல்லுங்கள்.

மேற்கு_இருக்கை:
அவரை விடுங்கள். அந்தக் கை வந்தால் இஸ்பேடைத் தொடவே மாட்டேன். ஞாயிறு நான்கு மணிக்கு வந்துவிடு, சித்தி பஜ்ஜி போடுகிறாள்.